கையெழுத்து வாங்குமுன் காது கொடுங்கள்: யாழ்ப்பாணத்துத் திருச்சபை மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய பிதாக்களே, குருவானவர்களே, போதகர்களே, இளையோர் பணிக்குப் பொறுப்பானவர்களே,

உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கித் தரும்படி எங்கள் பங்கின் மறையாசிரியர்களிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனநலம், உளவியல் என்ற பெயரில் இணையத்தில் வருகிற காணொளிகளைப் பார்க்கமாட்டேன், மனக்கலக்கம் வந்தால் செபத்தையும் திருவருட்சாதனங்களையும் மட்டுமே நாடுவேன் என்பது அதன் சாரம். கீழே பிள்ளையின் கையெழுத்துக்கு ஓர் இடம், பெற்றோரின் கையெழுத்துக்கு ஓர் இடம். அதற்குச் சற்று முன்னர்தான், வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளோடு கதைப்பதாக இருந்த ஒரு கருத்தமர்வு பங்கு அருட்பணிச் சபையில் இரத்துச் செய்யப்பட்டது. இல்லாத நோயை நாமே பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிடுவோம் என்றார் ஒருவர். கோவில் மண்டபத்தில் உளவியலுக்கு என்ன வேலை என்றார் இன்னொருவர். அவ்வளவுதான் விவாதம்.

பங்கின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பேச்சு ஆட்களைப் பற்றியதாகிவிடும். அந்தத் தாளை என் வகுப்பில் நான் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதுமில்லை. மற்றத் திருச்சபைகளில் ஞாயிறு வகுப்பு நடத்தும் நண்பர்களைக் கேட்டுப் பார்த்தேன். தாள்தான் இல்லை, 'கைபேசியை மூடு, முழந்தாளிடு' என்ற பதில் எல்லா இடத்திலும் உண்டு என்றார்கள். ஆகையால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் உரியது.

நான் வாரநாட்களில் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் மறையாசிரியை. ஒரே பிள்ளை திங்கட்கிழமை என்னிடம் ஒன்றைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அதையே மறைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பதைப் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். கீழே நான் எழுதும் பிள்ளைகளின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நீங்கள் தடை செய்யும் பொருள் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பதினோராம் தர மாணவி வகுப்பு முடிந்த பிறகு தன் கைபேசியில் சேமித்து வைத்திருந்தவற்றை எனக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். முதலாவதில் சென்னைத் தமிழ் பேசும் ஒரு பெண்: உங்கள் சக்தியை உறிஞ்சும் உறவுகளை வெட்டிவிடுங்கள், பெற்ற தாயாக இருந்தாலும் சரி. அடுத்ததில் ஓர் இளைஞன் ஆடியபடியே திரையில் தோன்றும் எழுத்துகளை விரலால் சுட்டுகிறான்: திறப்பை வைத்த இடம் மறக்கிறதா, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களா, உங்களுக்குக் கவனக்குறைவு நோய் (ஏ.டி.எச்.டி.) இருக்கலாம். மூன்றாவதில் ஓர் உளமருத்துவர், மேசைக்குப் பின்னால் இருந்து, உறக்கத்தைப் பற்றி நிதானமான தமிழில் பேசுகிறார். அதற்கு அடுத்தது ஒரு போதகரின் கூட்டம். மனச்சோர்வு என்று ஒரு நோய் இல்லை, அது ஓர் ஆவி, மாத்திரையைக் குப்பையில் போடு என்று அவர் கத்த, கூட்டம் ஆமென் என்கிறது. அதன்பின் 'பிரபஞ்சத்திடம் கேள்' என்ற வகை: ஆசையைக் காலையில் மூன்று தடவை, மதியம் ஆறு தடவை, இரவில் ஒன்பது தடவை எழுது, நடக்கும்.

எல்லாம் ஒரே பெருவிரல் அசைவில் வந்துபோகின்றன. மருத்துவருக்கும் ஆடுகிற இளைஞனுக்கும் திரையில் ஒரே அளவு இடம்தான்.

பிறகு அவள் தன் சி.ஆர். கொப்பியைத் திறந்தாள். இடப்பக்கத்தில் காணொளியிலிருந்து பார்த்தெழுதிய அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் நேரே நீலப் பேனையால் ஒரு சரி. வலப்பக்கத்தில் நவநாள் செபத்துக்கான நாட்கள், அவற்றுக்கும் நேரே சரி. "எனக்கு இது இருக்கிறதா, மிஸ்?" என்று இடப்பக்கத்தைக் காட்டிக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதைக் கேட்பது விசுவாசக் குறைவா?" என்றாள். இரண்டாவது கேள்வியைத்தான் அவள் உங்களிடம் கேட்க விரும்பினாள். கேட்க ஓர் இடம் இருக்கவில்லை.

அந்தத் தாளை இந்தக் காணொளி வரிசையோடு பொருத்திப் பாருங்கள். உளமருத்துவரின் பேச்சு தடைக்குள் வருகிறது. மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்ன போதகர் தடைக்குள் வரமாட்டார், ஏனென்றால் அவர் உளவியல் பேசவில்லை, நற்செய்தி பேசுகிறார். எங்கள் தாள் பிடிக்க வேண்டியவரை விட்டு, விட வேண்டியவரைப் பிடிக்கிறது.

இது வெறும் தர்க்கம் அல்ல. ஒரு உயர்தர மாணவன் வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை யாரும் அவனுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கவில்லை. பலன் தெரியாத அந்த நாட்களில் பெரியம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பிரசங்கத்தைக் கேட்டான். மருந்து எடுப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பது என்று அதில் இருந்தது. வைத்தியரிடம் கேளாமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டான். இப்படித் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், குமட்டும், உறக்கம் கெடும், எரிச்சல் கூடும். உடல் மருந்துக்குப் பழகியிருப்பதால் வரும் விளைவு இது. அவனோ அதைச் சாத்தானின் எதிர்ப்பு என்று நினைத்தான். இன்னும் அதிகமாக உபவாசம் இருந்தான். தாய் தற்செயலாக மேசை லாச்சியைத் திறந்து, அளவு எழுதிய அந்தக் கடதாசி உறைகளைப் பிரிக்காதபடி கண்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. இப்போது திரும்பவும் கிளினிக்குக்குப் போகிறான், தேறி வருகிறான். அந்தப் பெரியம்மா நல்லவர், செபமுள்ளவர். அவருக்கும் யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தடை எவ்வளவு தவறானது என்பதற்கு அவளே சாட்சி. பக்தியான வீட்டுப் பிள்ளை, பாடகர் குழுவில் இருப்பவள். நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டால் அவளுடைய தலைக்குள் அருவருப்பான, தெய்வநிந்தனையான சொற்கள் வந்து விழும். அவள் விரும்பி வருவதல்ல. விரட்ட விரட்ட இன்னும் பலமாக வரும். தூய ஆவிக்கு எதிரான மன்னிக்கப்படாத பாவத்தைத் தான் செய்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டாள். ஒவ்வொரு வாரமும் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கோவில் வாசலைத் தாண்டுவதற்குள் சரியாகச் சொல்லவில்லையோ என்று பயம் பிடிக்கும், திரும்பவும் போய் வரிசையில் நிற்பாள். குருவானவர் அன்பாகத்தான் கேட்டார், பாவமன்னிப்பும் கொடுத்தார், இன்னும் செபி என்றார். அவளோ ஏற்கெனவே இரவு இரண்டு மணிவரை செபமாலையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு மணியில் கவனம் சிதறினால் முழுவதும் செல்லாது என்று.

அவளை மீட்டது ஒரு யூரியூப் காணொளி. தமிழில் ஓர் உளமருத்துவர், ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயைப் பற்றிப் பேசும்போது, அது சமயப் பக்தியின் உடையிலும் வரும், வேண்டாமலே நுழையும் எண்ணம் வேறு, மனம் சம்மதித்துச் செய்வது வேறு என்று விளக்கியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று என்னிடம் வந்தாள். பெற்றோரோடு கதைத்து வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இன்றைக்கு அவளால் ஒரு தடவை செபமாலை சொல்லிவிட்டுப் படுக்க முடிகிறது. அவளுடைய செபத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த வைத்தியர்.

இறையியல் படித்த பிதாக்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522 இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வகை மனச்சாட்சி நடுக்கத்தில் மாதக்கணக்காகத் துடித்தார். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லியும் அமைதி கிடைக்காமல் தவித்தார். அந்த அனுபவத்திலிருந்துதான் உள்ளத்தில் எழும் அசைவுகளைப் பகுத்தறியும் விதிகளை உருவாக்கினார். நம்மிடம் இவ்வளவு கையிருப்பு இருக்க, அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியது இணையம். அந்தத் தாளில் அவள் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தால் இன்னமும் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள்.

இணையம் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் வாதிட வரவில்லை. குப்பை நிறைய இருக்கிறது. 2022 இல் கனடாவில் உளமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, கவனக்குறைவு நோயைப் பற்றி ரிக்ரொக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 காணொளிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 52 தவறாக வழிநடத்துபவை. மருத்துவர்கள் அந்த நோயை உறுதி செய்ய வேண்டுமானால், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பாடசாலை போல் குறைந்தது இரண்டு சூழல்களில் வாழ்க்கையைக் குழப்ப வேண்டும். ஆடுகிற இளைஞன் இதைக் கேட்கமாட்டான். மனச்சோர்வு என்று சொல்லவும் குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், மனம் தாழ்ந்திருப்பதோ எதிலும் நாட்டம் அற்றுப்போவதோ உறக்கம், பசி, கவனம் முதலிய மற்றக் குழப்பங்களோடு சேர்ந்திருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முதல்நாள் வரும் அழுகை அதற்குள் அடங்காது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கலாம். இரத்துச் செய்யப்பட்ட அமர்வில் அதைத்தான் செய்ய இருந்தோம்.

குருநகரிலும் பாசையூரிலும் தாய்மார் பிள்ளைக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத்தான் பழக்குகிறார்கள். பழுதான மீன் விற்கிறது என்று யாரும் சந்தையைத் தடை செய்வதில்லை. "அனைத்தையும் சீர்தூக்கிப் பாருங்கள், நல்லதைப் பற்றிக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் அதே காரியத்தைத்தான்.

என் வகுப்பில் நாங்கள் சீர்தூக்குகிற விதத்தைச் சொல்கிறேன். சொல்பவர் யார், கடைசியில் எதை விற்கிறார் என்று முதலில் பார்க்கிறோம். கட்டண வகுப்பாக இருக்கலாம், சத்து மாத்திரையாக இருக்கலாம், காணிக்கைக்கான வங்கிக் கணக்கு இலக்கமாகவும் இருக்கலாம். என்னைக் காணாமலே எனக்கு நோய் சொல்கிறாரா என்று பார்க்கிறோம். மருந்தைத் தொடங்கு என்றோ நிறுத்து என்றோ சொன்னால் அந்த இடத்திலேயே மூடிவிடுகிறோம், அவர் வேட்டி கட்டியவரானாலும் அங்கி அணிந்தவரானாலும். இந்த ஆலோசனை என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோகிறதா, இருக்கிற மனிதரிடமிருந்தும் பிரித்து அறைக்குள் பூட்டுகிறதா என்பது பிள்ளைகள் மிகவும் விரும்புகிற கேள்வி; அதில் அவர்களே வல்லவர்களாகிவிட்டார்கள். மனம் இருண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் விதியையும் சொல்லிக் கொடுத்தேன். நள்ளிரவில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு உயிர்த்தோழியைத் தடைப்பட்டியலில் போடப் போன ஒருத்தி, விடியும்வரை பொறுத்தேன் என்று வந்து சொன்னாள்.

ஒரு சோதனையை மட்டும் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு செபிக்க முடிகிறதா என்று கேட்பது நல்ல கேள்வி போலத் தோன்றும். ஆனால் மனச்சோர்வே செபத்தை வறளச் செய்யும். செபம் வரவில்லை என்பதை வைத்து ஆலோசனை தீயது என்றோ பிள்ளையின் விசுவாசம் குறைந்தது என்றோ தீர்ப்பிடக்கூடாது. திருப்பாடல் 88 ஒரு நம்பிக்கை வரியும் இல்லாமல் இருளோடே முடிகிறது. அதை யாரும் வேதப்புத்தகத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்தாரா? தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். எலியா உறங்கினார். தூதர் அவரை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார். உரையாடலெல்லாம் ஓரேபு மலைக்குப் போன பிறகுதான்.

விசுவாசம் மறுத்துப் பேச வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே நான் பிள்ளைகளிடம் குழைந்து பேசுவதில்லை. பிரபஞ்சத்திடம் கேள் என்பதைக் கிறிஸ்தவச் செபம் என்று ஏற்க முடியாது. 'உம் திருவுளப்படியே' என்று செபிக்கக் கற்றவர்கள், விருப்பத்தை ஒன்பது தடவை எழுதி உலகத்தை வளைக்கலாம் என்று நம்புவது எப்படி? (இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை வரும் என்று வட்ஸ்அப்பில் அனுப்பும் பக்தர்களையும் இதே வாங்கில் இருத்திக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.) நீ யாருக்கும் எதுவும் கடமைப்பட்டவள் அல்ல என்ற வாக்கியத்தையும் நாம் ஏற்க முடியாது.

ஆனால் பெற்றோர் விடயம் அவ்வளவு இலகுவானதல்ல. 'நச்சுப் பெற்றோர்' என்ற சொல்லை இப்போது எட்டாம் தரத்துப் பிள்ளையும் சொல்கிறது. அப்பா வீட்டில் பேசுவதில்லை, கட்டிப்பிடிப்பதில்லை, கோபம் மட்டும் தெரியும். காணொளி சொல்கிற பட்டியலில் எல்லாம் பொருந்துகிறது. அந்த அப்பாவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது போருக்கு அஞ்சி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு வந்தது. மழைக்குள் தலையில் மூட்டையோடு செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் அவரும் ஒருவர். அதற்கு முன் கிளாலிக் கடலில் இரவுப் படகு. பிறகு வன்னி, முகாம், 2009 இறுதிப் போர். எங்கோ இருந்து ஒளிப்பதிவு செய்தவருக்கு இது தெரியாது. எங்களுக்குத் தெரியும். மௌனம் எல்லாம் அன்பின்மை அல்ல என்று பிள்ளைக்குச் சொல்லவும், உங்கள் மௌனம் பிள்ளைக்கு வலிக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லவும் இந்த ஊரில் திருச்சபையைவிடப் பொருத்தமான இடம் எது?

அதே மூச்சில் இன்னொன்று. சில வீடுகளில் நடப்பது மௌனம் அல்ல, அடி. சில வீடுகளில் அதைவிட மோசமானது. அங்கே 'தாய் தந்தையை மதித்து நட' என்ற கட்டளையைப் பிள்ளையின் வாயில் துணியாக அடைக்காதீர்கள். காணொளி எவரையும் மன்னிக்காதே என்கிறது. பிரசங்கமோ இன்றே மன்னித்துவிடு என்கிறது. நடுவில் நிற்கிற பிள்ளைக்கு, மன்னிப்பது என்றால் அந்த அறைக்குத் திரும்பிப் போவது அல்ல என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்த ஒரு விடயத்தில் காணொளி சொல்லும் 'எல்லை வகுத்துக்கொள்' என்ற ஆலோசனை எங்கள் பிரசங்கங்கள் பலவற்றைவிட நற்செய்திக்கு அருகில் நிற்கிறது.

இல்லாத நோயைத் தலையில் ஏற்றிவிடுவோம் என்ற பயத்துக்கு வருகிறேன். அது உண்மையான பயம், நையாண்டி செய்யமாட்டேன். சாதாரண துக்கத்துக்கெல்லாம் நோயின் பெயர் வைக்கும் பழக்கம் பரவுகிறது. ஆனால் அதைப் பரப்புவது நாங்கள் ஏற்பாடு செய்த அமர்வு அல்ல, நாங்கள் விட்டுவைத்த வெற்றிடம். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று ஒரு பிள்ளையை நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்பது கட்டுக்கதை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்கும்போது பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. தற்கொலை முயற்சியை இலங்கைச் சட்டம் 1998 இல் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தற்கொலை செய்துகொண்டவர்களைத் திருச்சபை அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து நீக்கியது. கடுமையான உளக்குழப்பம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. இவற்றை எத்தனை பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறீர்கள்? நரகம் நிச்சயம் என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை தன் எண்ணத்தைத் திருச்சபையிடம் சொல்லாது. கைபேசியிடம்தான் சொல்லும்.

கோவில் மண்டபத்தில் உளவியலுக்கு என்ன வேலை என்று கேட்டவருக்கு இந்த மண்ணின் கதையே பதில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடலமைப்பு, அறுவை மருத்துவம், பிரசவம், இரசாயனம் என்று பாடநூல்களைத் தமிழாக்கினார். செபித்தால் போதும் என்று அந்தச் சபை இருந்துவிடவில்லை. மன விடயத்திலும் அப்படித்தான். கொழும்புத்துறையிலிருந்து அமல மரித் தியாகிகள் சபைத் துறவியர் 'நான்' என்ற உளவியல் சஞ்சிகையையே தமிழில் நடத்தினார்கள். பதகளிப்பு, தாழ்வுமனம், கோபம் என்றெல்லாம் அந்தக் காலத்து இளையோர் குருக்கள் வெளியிட்ட இதழிலிருந்து படித்தார்கள். போர்க்காலத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இங்கேயே நின்று வைத்தியம் செய்தபோது, உளவளத்துணை கற்று மக்களிடம் போனவர்களில் குருக்களும் கன்னியரும் இருந்தார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 42 ஆவது வயதில் ஆறு மாதம் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் போய்வந்ததைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். அது 2017 இல் அச்சிலும் வந்தது. இப்படிப்பட்ட பாரம்பரியத்தின் பிள்ளைகளிடம் நாம் ஒரு தடைத் தாளை நீட்டுகிறோம்.

ஆகவே கேட்கிறேன்.

அந்தத் தாளை இந்த ஆண்டு உறுதிப்பூசுதலுக்கு முன் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்ட பிள்ளைகளுக்கு, அது அவர்களைக் கட்டுப்படுத்தாது, வைத்தியரை நாடுவது பாவம் அல்ல என்று குருவானவரே நேரில் சொல்ல வேண்டும். மறையாசிரியர் வாயிலாகச் சொல்லி அனுப்பினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இரத்துச் செய்த அமர்வை நடத்துங்கள். பெற்றோருக்கும் பேரன் பேத்திக்கு வட்ஸ்அப் அனுப்பும் பெரியவர்களுக்கும் தனியாக இன்னொன்று வையுங்கள். அவர்களுக்கு அது இன்னும் அவசரம்.

குணமளிக்கும் செபக்கூட்டம் நடத்துகிற ஒவ்வொரு சபையும் தொடக்கத்திலேயே ஒரு வரி அறிவிக்கட்டும்: வைத்தியரைக் கேளாமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது. கத்தோலிக்கருக்கு சீராக்கின் 38 ஆம் அதிகாரம் இருக்கிறது, மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று. அந்த நூலை ஏற்காத சபையாருக்கு, பவுலின் அன்புக்குரிய மருத்துவராகிய லூக்கா இருக்கிறார். சொல்வதற்கு வேதத்தில் இடமில்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, வகுப்பு நேரத்தில், பிள்ளைகள் தாங்கள் சேமித்து வைத்திருக்கும் காணொளிகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டட்டும். ஒரு குருவானவரும் பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் குருவானவர் கேட்பவராக மட்டும் இருந்தால் நல்லது. சிரமமாக இருக்கும், தெரியும்.

குருமாணவர்களுக்கும் மறையாசிரியர்களுக்கும் வேதாகமப் பாடசாலை மாணவர்களுக்கும், பாவசங்கீர்த்தனத்திலோ ஆலோசனை அறையிலோ வருகிற பிள்ளையின் பேச்சில் நோயின் சாயல் தெரிந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி கொடுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. பயிற்சி தர ஆள் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

ஆலய வாசல் அறிவித்தல் பலகையில், திருப்பலி நேரங்களுக்குப் பக்கத்தில், தேசிய உளநல உதவி இலக்கம் 1926 ஐயும் சிறுவர் உதவி இலக்கம் 1929 ஐயும் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். இதற்குச் சபைக்கூட்டம் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமையே எழுதலாம்.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். ஞாயிறு அறிவித்தலில், பிள்ளைகள் இருக்கும் பூசையில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மறையாசிரியை,
யாழ்ப்பாணம்.